விழுவதற்கு ஓர் இடம்

உயரம் தாண்டும் போட்டிக்கு ஒரு விந்தையான நியதி உண்டு. ஓட்டப் பந்தயத்தில் வென்றவர் எல்லைக் கோட்டைக் கடந்த களிப்போடு நிற்கிறார். குண்டு எறிபவர் தம் சிறந்த வீச்சைக் கணக்கில் எழுதிக்கொண்டு களத்தை விட்டு வெளியேறுகிறார். உயரம் தாண்டுபவருக்கோ அந்த ஆறுதல் பெரும்பாலும் கிட்டுவதில்லை. ஓர் உயரத்தைத் தாண்டியதும் குறுக்குக் கழி மேலும் சில சென்டிமீட்டர் உயர்த்தப்படுகிறது. அடுத்தடுத்து மூன்று முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. தங்கப் பதக்கம் வென்றவரும், பெரும்பாலும், கழியைத் தட்டிவிட்டு மெத்தையின்மேல் மல்லாந்து கிடந்தபடியேதான் தம் போட்டியை முடிக்கிறார். தோல்வியில் முடிவது எல்லாருக்கும் பொது. எவ்வளவு உயரத்தில் தோற்றோம் என்பதே அங்கு மதிப்பு.

இந்த நியதியை மனத்தில் கொண்டு ஒரு பெண்ணின் விளையாட்டு வாழ்வை வாசகர்களோடு சேர்ந்து சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறோம். அவர் பெயர் பாபி அலோசியஸ். வாளையாறு கடந்தால் நமக்கு அண்டை வீடாகிய கேரளத்தைச் சேர்ந்தவர். 1974-ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று பிறந்தவர். அலோசியஸ் என்னும் பெயர் நம் செவிக்கு அந்நியமன்று. நம் முன்னோர் ஞானப்பிரகாசியார் என்று தமிழாக்கி, தம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்ந்த பெயர் அது. இளைஞரின் பாதுகாவலரான அப்புனிதரின் திருநாள் ஜூன் 21. அதற்கு மறுநாள் பிறந்த இப்பெண்ணின் பெயரிலும் அது இடம்பெற்றிருப்பதைக் கண்டு நாம் புன்னகைத்துக் கொள்ளலாம்.

2000-ஆம் ஆண்டில் ஜகார்த்தா நகரில் நடைபெற்ற ஆசியத் தடகள வாகையர் போட்டியில் பாபி தங்கம் வென்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2002-இல், தென்கொரியாவின் பூசான் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டி வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2004 ஜூலையில் நம் சென்னையிலேயே 1.91 மீட்டர் தாண்டி இந்தியப் பெண்களுக்கான புதிய தேசியச் சாதனையை நாட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஏதென்சு ஒலிம்பிக்கில் களம் இறங்கினார். தகுதிச் சுற்றில் 1.85 மீட்டரோடு நின்றுவிட்டார். இறுதிச் சுற்றுக்கு அவர் செல்லவில்லை. அங்கே தங்கம் வென்ற ரஷ்யாவின் எலேனா ஸ்லெசரென்கோ தாண்டிய உயரம் 2.06 மீட்டர்.

ஒலிம்பிக் முடிந்து நம்மவர் வெறுங்கையோடு திரும்பும்போதெல்லாம் நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. 'ஊர் சுற்றிப் பார்க்கவா அனுப்பினார்கள்?' என்பார்கள். நூறு கோடிக்கு மேல் மக்கள் இருந்தும் என்ன பயன் என்று அங்கலாய்ப்பார்கள். இந்தப் பேச்சு நியாயமானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு 1.91 என்னும் அந்த எண்ணையே கையில் எடுத்துக்கொள்வோம்.

ருமேனிய நாட்டில் யோலாண்டா பாலாசு என்றொரு வீராங்கனை இருந்தார். உலகப் பெண்களுள் முதன்முதலாக ஆறடி உயரத்தைத் தாண்டியவர் அவரே. 1960-இல் ரோமிலும் 1964-இல் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 1961-ஆம் ஆண்டு ஜூலையில் அவர் உலகச் சாதனையாகத் தாண்டிய உயரம் 1.91 மீட்டர். அதாவது, உலகம் 1961-இல் எட்டிய உயரத்தை இந்தியப் பெண் ஒருவர் 2004-இல் எட்டினார். இடையில் கழிந்தவை 43 ஆண்டுகள். பாபிக்குப் பின் கர்நாடகத்தைச் சேர்ந்த சகானா குமாரி 2012-இல் ஐதராபாத்தில் 1.92 மீட்டர் தாண்டி அச்சாதனையை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினார். ஆஸ்திரியாவின் இலோனா குசன்பாவர் 1971-இல் தாண்டிய உயரம் அது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பதினாறே வயதான ஜெர்மானியச் சிறுமி உல்ரிக் மைஃபார்த் தங்கம் வென்றதும் அதே உயரத்தில்தான். இங்கும் இடைவெளி நாற்பது ஆண்டுகள்.

நாற்பது ஆண்டுப் பின்னடைவு என்பது ஒரு தனி மனுஷியின் கால்களில் உள்ள குறையாக இருக்க முடியுமா? நம் பெண்களின் எலும்பும் தசையும் ஐரோப்பியப் பெண்களினும் இழிந்தவை என்று இறைவன் எங்கும் எழுதி வைக்கவில்லை. அப்படியாயின் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும். அதைக் காண, கழிக்கு இப்புறம் தாண்டுபவரைப் பார்ப்பதோடு நில்லாமல், அப்புறம் என்ன இருக்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

பழங்காலத்தில் அப்புறம் இருந்தது மணல் குழி. மணலில் விழுபவர் காலூன்றியே விழ வேண்டும். இல்லையேல் கழுத்தோ முதுகோ முறியும். ஆகையால் கத்தரிக்கோல் விரிவதுபோல் ஒரு காலுக்குப் பின் மறுகாலை வீசித் தாண்டும் முறையே நெடுங்காலம் வழங்கியது. பாலாசு அம்மையார் தம் உலகச் சாதனைகளையும் அம்முறையைச் சிறிது மாற்றியே நிகழ்த்தினார். பின்னர், கழியின்மேல் குப்புறக் கவிழ்ந்து உருளும் முறை பரவியது. மணலின் இடத்தை மரத்தூளும், அதன்பின் ரப்பர் நுரையும் பிடித்தன. அப்போதுதான் அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி என்ற இளைஞர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கழிக்கு முதுகைக் காட்டி, தலையை முன்னே செலுத்தி, உடலை வில்லாக வளைத்து, மல்லாந்து விழுந்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கமும் வென்றார். உடல் அவ்வாறு வளையும்போது அதன் எடைமையம் கழிக்குக் கீழாகவே செல்லக்கூடும் என்பதும், அதனால் அதே உந்துவிசையில் கூடுதல் உயரத்தைக் கடக்கலாம் என்பதும் இயற்பியலார் கூறும் விளக்கம்.

அதே காலத்தில் கனடாவில் டெபி பிரில் என்னும் சிறுமியும் தானாகவே இத்தகைய பின்வளைவு முறையைக் கண்டுபிடித்திருந்தாள். 1970-இல் காமன்வெல்த் போட்டியில் தங்கமும் வென்றாள். ஒரு கடலின் இரு கரைகளில் ஒரே அலை எழுவதுபோல் இருவருக்கும் ஒரே எண்ணம் தோன்றியது எப்படி? ஃபாஸ்பரி பயின்ற பள்ளியில் நுரை மெத்தை போட்டிருந்தார்கள். டெபிக்கும் விழுவதற்கு நுரைத்தளம் வாய்த்திருந்தது. மெத்தை இருந்த இடத்தில் துணிவு பிறந்தது. மணல் மட்டும் இருந்த இடத்தில் அந்தத் துணிவுக்கே இடமில்லை. அறிவுள்ள எந்தச் சிறுமியும் மணல் குழியில் முதுகு காட்டிக் குதிக்க மாட்டாள்.

விழும் இடம் மெத்தையினால் மட்டும் ஆவதன்று. களத்துக்குள் நுழையவே விடப்படாதவர்களின் வரலாறும் இவ்விளையாட்டுக்கு உண்டு. தற்கால ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த குபெர்தேன் பெருமகனார் பெண்கள் அதில் போட்டியிடுவதை விரும்பவில்லை. 1928-இல் ஆம்ஸ்டர்டாமில்தான் பெண்களுக்குத் தடகளம் திறந்துவிடப்பட்டது. அன்று உயரம் தாண்டுதலில் கனடாவின் எத்தல் காதர்வுட் 1.59 மீட்டரில் தங்கம் வென்றார். எட்டாண்டுகள் கழித்து, 1936 ஜூன் மாதத்தில், கிரேட்டல் பெர்க்மன் என்னும் யூதப் பெண் ஸ்டுட்கார்ட் நகரில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மானியச் சாதனையைச் சமன் செய்தார். அடுத்த மாதமே, போதிய திறன் இல்லை என்று கூறி அவரை ஒலிம்பிக் அணியிலிருந்து நீக்கிக் கடிதம் அனுப்பியது இட்லரின் ஜெர்மனி. அந்தப் பெர்லின் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற மூவரும் போட்டியில் தாண்டிய உயரம் அதே 1.60, அவர்களுள் யார் முதல் என்பது பின்னர் மறுதாண்டலில்தான் தீர்ந்தது. பறிக்கப்பட்ட தேசியச் சாதனையை ஜெர்மனி 2009-இல்தான் பெர்க்மனுக்குத் திரும்ப வழங்கியது. அப்போது அவர் தொண்ணூறைத் தாண்டிய மூதாட்டி. 2017-இல் தம் 103-ஆம் வயதில் அமெரிக்காவில் மறைந்தார்.

அமெரிக்காவிலும் கதவுகள் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனி ஊரில் பிறந்த ஆலிஸ் கோச்மன் கறுப்பினப் பெண் என்பதால், வெள்ளையருக்கான பயிற்சித் திடல்களில் நுழைய முடியாதவர். மண் சாலைகளில் வெறுங்காலோடு ஓடினார். 1940, 1944 ஆகிய இரு ஒலிம்பிக்குகளையும் போர் விழுங்கிற்று. 1948-இல் இலண்டனில் 1.68 மீட்டர் தாண்டி, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண்மணியானார். ஊர் திரும்பியபோது வரவேற்பு விழா நடந்தது. ஆனால் அரங்கில் வெள்ளையர் ஒருபுறம், கறுப்பர் மறுபுறம். நகரத் தலைவர் அவர் கையைக் குலுக்கவில்லை. விழா முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார் அந்தத் தங்க மங்கை. ஜார்ஜ் மன்னர் கையால் பதக்கம் பெற்றவருக்குத் தம் ஊர்த் தலைவரின் கை கிட்டவில்லை. தீண்டாமையை நேரில் அறிந்த நமக்கு இந்நிகழ்ச்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரலாற்றோடு நம் நாட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம். பாலாசு உலகை வியக்க வைத்த ஐம்பதுகளில்தான் இந்தியப் பெண்கள் ஒலிம்பிக் களத்தைக் கண்ணாலேயே கண்டார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீலிமா கோஷும், பம்பாயைச் சேர்ந்த மேரி டிசூசாவும் ஓடினார்கள். பெண்கள் ஓடுவதே புதுமையாக இருந்த நாட்டில், முதுகு காட்டித் தாண்டும் வித்தைக்கு மெத்தை தேடுவார் யார்? இன்றும் நம் வட்டாரத்துப் பள்ளிகள் பலவற்றில் உயரம் தாண்டுதல் என்றால் இரண்டு கம்பங்கள், ஒரு மூங்கில் கழி, ஒரு மணல் குழி. ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் மண்வெட்டியால் கொத்திக் கிளறிவிடும் அந்தக் குழியில் நம் பிள்ளைகள் கத்தரி முறையிலேயே தாண்டிப் பழகுகிறார்கள். மாவட்டப் போட்டிக்குச் சென்றதும் அங்கே விரித்திருக்கும் பெரிய மெத்தையைக் கண்டு மிரளுகிறார்கள். மற்றவர் ஆண்டுக் கணக்கில் பயின்ற கலையை இவர்கள் ஒரே காலையில் கற்க வேண்டியதாகிறது.

அரியானா மாநிலத்தில் ஃபதேஹாபாத் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பூஜா என்னும் கொத்தனாரின் மகள் உயரம் தாண்டக் கற்கத் தொடங்கியபோது அங்கே மெத்தை இல்லை. அவளுடைய பயிற்சியாளர் சாக்குகளில் வைக்கோலைத் திணித்து மெத்தையாகப் போட்டார். மூங்கிலைக் குறுக்குக் கழியாக வைத்தார். அந்தச் சாக்கு மூட்டைகளின்மேல் விழுந்து பழகிய பெண் 2025 மே மாதத்தில் தென்கொரியாவின் குமி நகரில், தம் பதினெட்டாம் வயதில், 1.89 மீட்டர் தாண்டி ஆசிய வாகையர் தங்கத்தை வென்றார். இந்தியப் பெண் ஒருவர் அந்தத் தங்கத்தைப் பெறுவது பாபி அலோசியசுக்குப் பின் அதுவே முதன்முறை. இருபத்தைந்து ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவை வைக்கோல் மூட்டை திறந்தது என்றால் மிகையாகாது.

நம் கொங்குச் சீமைக்கும் இதில் ஒரு சான்று உண்டு. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்காலின் வலிமையை இழந்தவர். செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் அவரை வளர்த்தவர் தாய் சரோஜா. பையனின் துள்ளலைக் கண்டு தாண்டச் சொன்னவர் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் அவர் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அதன்பின் டோக்கியோவில் வெள்ளியும் பாரிசில் வெண்கலமும் பெற்றார். திறமை நம் மண்ணில் இல்லை என்று எவரும் இனிச் சொல்ல இயலாது. ஒரு தாயும் ஓர் ஆசிரியரும் சேர்ந்தால் போதிய இடம் பிறக்கிறது என்பதே இதில் நாம் காணும் பாடம்.

ஆனால் மாரியப்பன் ஆண்பிள்ளை. பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு குறுக்குக் கழி இருக்கிறது. அதன் பெயர் வயது. பாபி அலோசியஸ் சென்னையில் 1.91 மீட்டர் தாண்டியபோது அவருக்கு வயது 30. சகானா குமாரியும் 1.92 மீட்டர் தாண்டியபோது முப்பது வயதை எட்டியிருந்தார். அப்போது அவர் ஒரு மகளுக்குத் தாய். இருவரும் தம் வாழ்வின் மிகச் சிறந்த தாண்டலை நிகழ்த்தியது, நம் குடும்பங்களில் ஒரு பெண்ணின் விளையாட்டு முற்றிலும் மறந்துபோயிருக்கும் பருவத்தில். பங்கு இல்லங்களுக்குத் திருமண ஓலை எழுத வரும் பெண்களிடம் பேசுகையில் நாம் கேட்பதுண்டு. பள்ளியில் ஓடினேன், தாண்டினேன், சான்றிதழ்கூட இருக்கிறது என்பார்கள். எப்போது விட்டாய் என்றால், வயசுக்கு வந்ததும் என்றோ, பத்தாவதோடு என்றோ பதில் வரும். யார் தடுத்தார்கள் என்றால் யாரையும் சுட்டிக் கூற இயலாது. எவரும் தடுக்கவில்லை, எவரும் தொடரச் சொல்லவுமில்லை.

நம் மாவட்டங்களின் பஞ்சாலைகளை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் ஒரு மொத்தத் தொகை கிடைக்கும், அது திருமணச் செலவுக்கு உதவும் என்று சொல்லி, தென் மாவட்டங்களிலிருந்தும் மலையடிவார ஊர்களிலிருந்தும் பதின்பருவப் பெண்களைக் கூட்டி வந்த திட்டத்தைச் சுமங்கலித் திட்டம் என்று ஊர் அழைத்தது. நூலிழைகளுக்கிடையே இரவுப் பணியில் நடந்து நடந்து தேய்ந்த அந்தக் கால்களில் எத்தனை கால்கள் தாண்டப் பிறந்தவையோ! ஒரு பெண்ணின் பதினாறு வயதை நாம் எதற்காகச் செலவிடுகிறோம் என்பதில் ஒரு சமுதாயத்தின் மனச்சாட்சி தெரிகிறது. மியூனிக் நகரில் தங்கம் வென்ற உல்ரிக்கின் வயதும் பதினாறுதான்.

இனி ஏதென்சுக்குத் திரும்புவோம். அங்கே பாபி தாண்டிய 1.85 மீட்டருக்கும் ஸ்லெசரென்கோ தாண்டிய 2.06 மீட்டருக்கும் இடையே 21 சென்டிமீட்டர் இருக்கிறது. தேநீர்க் கடைப் பேச்சு அந்த 21 சென்டிமீட்டரையும் ஒரு பெண்ணின் தலையில் சுமத்துகிறது. இதுவரை நாம் கண்ட வரலாறு அதைப் பங்கிட்டுத் தருகிறது. அதில் சில சென்டிமீட்டர் மணல் குழிகளுக்கு உரியது. சில, பெண்ணின் ஓட்டத்தைப் பதினைந்து வயதில் முடித்துவைக்கும் நம் வீடுகளுக்கு உரியது. சில, சத்துணவின்றி வளரும் குழந்தைப் பருவத்துக்கு உரியது. எஞ்சியதை வேண்டுமானால் அவருடைய அன்றைய நாளின் கணக்கில் எழுதலாம். நம் பங்கை முதலில் செலுத்திவிட்டு அவருடைய பங்கைக் கேட்பதே நீதி.

அவர் தோற்றார் என்றே வைத்துக்கொள்வோம். உயரம் தாண்டுதலில் தோல்வி என்பது ஓர் அளவு என்று தொடக்கத்தில் கண்டோம். பாபி 1.91-இல் நிறுத்திய கழியைச் சகானா எட்டாண்டுகள் கழித்து ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினார். பாபி வென்ற ஆசியத் தங்கத்தை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பூஜா வென்றார். பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கொஸ்டாடினோவா 1987-இல் ரோமில் தாண்டிய 2.09 மீட்டர் ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் அசையாதிருந்தது. போரினால் தாயகத்தை விட்டு வெளியேறிப் பயிற்சி பெற்ற உக்ரைனியப் பெண் யாரோஸ்லாவா மகுச்சிக் 2024 ஜூலையில் பாரிசில் 2.10 மீட்டர் தாண்டி அதைக் கடந்தார். அங்கும் உயர்ந்தது ஒரே ஒரு சென்டிமீட்டர். ஒருவர் எங்கே முடிக்கிறாரோ அங்கே மற்றொருவர் தொடங்குகிறார். விசுவாச வாழ்வை ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிட்ட பவுலடியார் இன்று இருந்திருந்தால், இந்தத் தாண்டுதலையும் ஓர் உவமையாகக் கொள்ளத் தயங்கியிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறோம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு இதழை மூடி வைப்பதில் பயனில்லை. செய்யக் கூடியது ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். கோவை பஞ்சுக்குப் பெயர் பெற்றது. பொள்ளாச்சி தென்னை நாருக்குப் பெயர் பெற்றது. பஞ்சும் நாரும் மலையாகக் குவியும் நாட்டில் மெத்தைக்குப் பஞ்சம் என்றால் கேட்பவர் சிரிப்பார்கள். நம் மறைமாவட்டத்தின் பள்ளிகள் பெரும்பாலானவற்றுக்கு மைதானம் உண்டு. பத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு நல்ல மெத்தை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். பங்குத் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி அதற்குப் போதும். அதற்கும் வழியில்லையெனில் வைக்கோலும் சாக்கும் இருக்கின்றன. அரியானாவில் அவை போதுமானவையாக இருந்தன. முறையறிந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அருகில் நிற்க வேண்டும், அவ்வளவே. மெத்தையை வாங்கியபின், பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளையின் பெற்றோரைச் சந்தித்து, 'அவள் இன்னும் சில ஆண்டுகள் தாண்டட்டும்' என்று சொல்லவும் யாரேனும் வேண்டும். அந்த வேலையைப் பங்குக் குருக்களும் கன்னியரும் பக்தசபையினரும் ஏற்றுக்கொள்ளலாம். வரும் சூன் மாதம் பள்ளி திறக்கும்போது தொடங்கினாலும் காலம் கடந்துவிடவில்லை.